ரன்வே என்று நினைத்து டாக்ஸிவேக்கு இறங்கிவந்த விமானம்: ஏர் கனடா 759 நிகழ்வு ஆய்வு

2017 ஜூலை 7, இரவு 11.56. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் நான்கு விமானங்கள் 'சி' டாக்ஸிவேயில் (ரன்வேக்குப் போய்வர விமானங்கள் தரையில் ஊர்ந்து செல்லும் பாதை அது) ஒன்றன்பின் ஒன்றாக நின்று புறப்பட வரிசை காத்துக்கொண்டிருக்கின்றன. முதலில் சிங்கப்பூர் போகவேண்டிய யுனைடெட் 1, அதன் பின்னால் மணிலா போகவேண்டிய பிலிப்பைன் ஏர்லைன்ஸ் 115, அதற்கும் பின்னால் சிட்னி போகவேண்டிய யுனைடெட் 863, கடைசியாக யுனைடெட் 1118 என்ற போயிங் 737. முதல் மூன்றும் பசிபிக் கடலைத் தாண்டவேண்டியவை, அதனால் டேங்க் நிறைய எரிபொருளோடு நிற்கின்றன. டொராண்டோவிலிருந்து வந்த ஏர் கனடா 759, ஓர் ஏர்பஸ் ஏ320, பக்கத்திலிருக்கும் ரன்வேயில் இறங்குவதற்குப் பதிலாக இந்த நான்கு விமானங்களும் நிற்கிற டாக்ஸிவேயை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

முதல் விமானத்தை அது சுமார் 100 அடி உயரத்தில் கடந்தது. விமானிகள் இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏற எஞ்சின் விசையைக் கூட்டிவிட்டார்கள், ஆனால் இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு விமானம் சொன்னவுடன் ஏறிவிடாது, ஓரிரு விநாடி இன்னும் கீழே போய்த்தான் திரும்பும். அப்படிப் போனதில் சுமார் 60 அடிவரை இறங்கி, இரண்டாவது விமானத்தின் மேலாகப் போய், பிறகுதான் ஏறியது. இரண்டாவதாக நின்றது ஏ340 ரகம். அதன் வால் தரையிலிருந்து ஏறக்குறைய 55 அடி உயரம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், வேறு விளக்கம் தேவையில்லை.

ஏர் கனடா விமானத்தில் மட்டும் 140 பேர். ஐந்து விமானங்களையும் சேர்த்தால் ஆயிரத்துக்கும் மேல். ஒருவருக்கும் சின்னக் கீறல்கூட இல்லை, எந்த விமானத்துக்கும் சேதம் இல்லை. ஆனால் 1977-ல் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ரன்வேயில் மோதி 583 பேர் இறந்தார்களே, அதைவிடப் பெரியதாக இது ஆகியிருக்கலாம் என்று பலரும் சொன்னார்கள். அது மிகை என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த நிகழ்வைப் பற்றி அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2018 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டது. "விமானி தூங்கிவழிந்தார், ரன்வேயைத் தவறவிட்டார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் இந்த விமானிகளைக் காப்பாற்றியிருக்கவேண்டிய தகவல் எல்லாமே அவர்கள் கையிலேயே இருந்தது. தாளில் இருந்தது, திரையில் வந்தது, வானொலியில் கிடைத்தது. இருந்தும் அந்த நேரத்தில் மனதில் இல்லை. நான் இங்கே எழுத நினைப்பது அந்த இடைவெளியைப் பற்றித்தான்.

அந்த இரவில் ரன்வேக்கள் இருந்த நிலை

சான் பிரான்சிஸ்கோவில் 28 இடது, 28 வலது என்று இரண்டு ரன்வேக்கள் இணையாக ஓடுகின்றன. நடுக்கோட்டிலிருந்து நடுக்கோட்டுக்கு 750 அடிதான் இடைவெளி. 28 வலதுக்கும் வலப்புறத்தில், அதே திசையில் இணையாக 'சி' டாக்ஸிவே. அதாவது கடல் பக்கமிருந்து வருகிற விமானிக்கு இடமிருந்து வலமாக ரன்வே, ரன்வே, டாக்ஸிவே என்று மூன்று பட்டைகள் தெரியும்.

அன்றைக்கு 28 இடது ரன்வே கட்டுமான வேலைக்காக மூடப்பட்டிருந்தது. அதன் விளக்குகள் எல்லாம் அணைக்கப்பட்டிருந்தன, தொடக்கத்தில் மட்டும் சுமார் 20 அடி அகலத்துக்கு 'எக்ஸ்' வடிவத்தில் மின்னும் விளக்கு. வேலை நடக்கும் இடத்தில் தனியாகப் பளிச்சென்று கட்டுமான விளக்குகள்.

இப்போது நீங்கள் விமானி இருக்கையில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இதே ஊருக்கு முன்பே வந்திருக்கிறீர்கள், எப்போதும் இரண்டு ரன்வேக்கள் வெளிச்சமாகத் தெரியும், வலப்பக்கத்து ரன்வேயில் இறங்குவீர்கள். இன்றைக்கும் இரண்டு வெளிச்சப் பட்டைகள் தெரிகின்றன. வலது பட்டையில் இறங்கச் சொல்லியிருக்கிறார்கள். இறங்கப் போகிறீர்கள். ஆனால் இடது ரன்வே இருட்டில் மறைந்துவிட்டதால், நீங்கள் 'இடது' என்று நினைப்பது உண்மையில் 28 வலது. நீங்கள் 'வலது' என்று நினைப்பது டாக்ஸிவே.

டாக்ஸிவேயின் நடுவிளக்குகள் பச்சை, ரன்வேயின் நடுவிளக்குகள் வெள்ளை, இது எந்த விமானிக்கும் தெரியும். 28 வலதுக்கு முன்னால் வழிகாட்டும் விளக்கு வரிசையும் எரிந்துகொண்டிருந்தது, டாக்ஸிவேக்கு அப்படி எதுவும் கிடையாது. பிறகு எப்படிக் குழம்ப முடியும் என்று கேட்கத் தோன்றும். வரிசையாக நின்ற விமானங்களின் இறக்கை நுனி விளக்குகளும் சிமிட்டும் விளக்குகளும் தூரத்திலிருந்து பார்க்கும்போது ஓரளவுக்கு ரன்வே விளக்குகள் மாதிரியே இருந்தன என்கிறது விசாரணை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிறோமே, அதேதான் இங்கேயும். மனம் ஒன்றை எதிர்பார்த்துவிட்டால் கண் அதற்கு ஏற்ற சாட்சிகளையே பொறுக்கும், ஒத்துவராத சாட்சிகளை விட்டுவிடும். ரன்வேயைத் தேடியவர்களுக்கு ரன்வேதான் தெரிந்தது.

27 பக்கத்தில் எட்டாவது பக்கம்

ரன்வே மூடியிருக்கும் விஷயத்தை விமானிகளுக்கு யாரும் சொல்லவில்லையா? சொல்லியிருந்தார்கள். புறப்படுவதற்கு முன் கொடுத்த ஆவணக் கட்டு 27 பக்கம், அதில் எட்டாவது பக்கத்தில் 28 இடது மூடல் பற்றிய அறிவிப்பு இருந்தது. இப்படிப்பட்ட அறிவிப்புகளை நோட்டாம் என்பார்கள். எங்கேயோ ஒரு கோபுரத்தில் விளக்கு எரியவில்லை, ஏதோ ஒரு டாக்ஸிவேயின் ஓரத்தில் வேலை நடக்கிறது, பக்கத்தில் கிரேன் நிற்கிறது என்று நூறு விஷயங்களோடு, எல்லாமே ஒரே எழுத்தில், ஒரே கனத்தில் வரும். இறங்கவேண்டிய இடத்துக்குப் பக்கத்து ரன்வே முழுவதும் இருட்டாக இருக்கும் என்ற செய்தியும், கிரேன் செய்தியும், படிக்கிறவர் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். பறந்துகொண்டிருக்கும்போது விமான நிலையத் தகவல் செய்தியிலும் இது வந்தது. அதையும் வாங்கினார்கள். இறங்குவதற்கு முன் இரண்டு விமானிகளும் பேசிக்கொள்ளும் இடத்தில் மட்டும் அது வரவில்லை, அல்லது வந்தும் பதியவில்லை.

அறிக்கையை ஏற்ற கூட்டத்தில் வாரியத் தலைவர் ராபர்ட் சம்வால்ட் இந்த நோட்டாம் முறையையே குப்பை என்ற அளவுக்குக் கடுமையாகச் சாடினார். அவரே முன்னாள் விமானி. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு தகவலைக் கொடுத்துவிட்டோம் என்று பதிவேட்டில் குறித்துக்கொள்வதும், அது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் வேறு வேறு வேலைகள்.

போடாத ஓர் அலைவரிசை

எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் உறுத்துவது இந்தப் பகுதிதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அன்றைக்கு இவர்கள் பறந்தது கண்ணால் பார்த்து இறங்கும் ஒரு முறை. விமான நிலையத்துக்கு முன்னால் விரிகுடாவின் குறுக்கே இருக்கும் பாலத்துக்கு அப்பால்வரை விமானத்தின் கணினியே கொண்டுவந்துவிடும், கடைசிச் சில மைல்கள் தானியங்கியைத் துண்டித்து, ரன்வேயைக் கண்ணால் பார்த்துக் கையால் ஓட்டி இறக்கவேண்டும். வானம் தெளிவாக இருந்தது, தூரம் நன்றாகத் தெரிந்தது, ஆகவே அதில் தவறில்லை. ஆனால் இப்படிக் கண்ணால் இறங்கும்போதும் ஐ.எல்.எஸ் அலைவரிசையைப் போட்டு வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ரன்வேயின் நடுக்கோட்டை நோக்கி நேராக ஒரு வானொலிக் கற்றை வரும், நீங்கள் விலகினால் திரையில் ஒரு குறி ஓரத்துக்குப் போய்விடும். கண் ஏமாந்தாலும் அந்தக் குறி ஏமாறாது.

வழக்கமான இறக்கங்களில் அந்த அலைவரிசையை விமானக் கணினி தானே போட்டுக்கொள்ளும். அந்த நிறுவனத்தின் ஏ320 தரவுத்தளத்தில் இருந்த எல்லா இறங்கு முறைகளிலும் விமானி கையால் போடவேண்டியிருந்தது இந்த ஒன்றில்தான். அந்தக் குறிப்பும் வரைபடத்தில் கண்ணில் படும்படி அச்சாகியிருக்கவில்லை. துணை விமானி போடவேண்டும், தலைமை விமானி சரிபார்க்கவேண்டும். இவர் விட்டுவிட்டார், அவர் பார்க்கவில்லை.

வருடம் முழுவதும் தானாக நடக்கிற ஒரு வேலையை, ஒரே ஒரு ஊரில், ஒரே ஒரு முறையில், நள்ளிரவில், மனிதன் நினைவு வைத்துச் செய்யவேண்டும். இப்படி ஓர் ஏற்பாட்டை மேசையில் உட்கார்ந்து எழுதியவர்களில் யாராவது அங்கேயே நிறுத்தி "இது மறந்துபோனால் என்ன ஆகும்?" என்று கேட்டிருக்கவேண்டும். இறங்கு முறை பற்றிய தகவலை நிறுவனம் பயன்படும் விதத்தில் கொடுக்கவில்லை என்று வாரியமும் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது.

இதற்கு நேர் சாட்சி இருக்கிறது. ஏர் கனடாவுக்கு ஏறக்குறைய நான்கு நிமிடம் முன்னால் டெல்டா 521 அதே ரன்வேயில் இறங்கியது. அதன் விமானிகளும் குழம்பியிருக்கிறார்கள்! கட்டுமான விளக்குகளின் பளிச்சில் இடது ரன்வே அவர்களுக்கும் தெரியவில்லை, இறங்கவேண்டிய ரன்வேயை நோக்கித்தான் வருகிறோமா என்ற சந்தேகம் வந்தது. ஆனால் அவர்கள் திரையில் பக்கவாட்டு வழிகாட்டல் இருந்தது, நாம் சரியான கோட்டில்தான் இருக்கிறோம் என்று அது சொன்னது. இன்னும் கிட்டே வந்ததும் ரன்வேயில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு இறங்கினார்கள். அதே இரவு, அதே விளக்குகள், அதே கண்கள். ஒரு குழுவுக்குக் கையில் துணைக்கு ஒரு கோடு இருந்தது, இன்னொரு குழுவுக்கு இல்லை. தூக்கமும் கவனக்குறைவும் மட்டுமே காரணம் என்று சொல்கிறவர்கள் இந்த டெல்டா விமானத்துக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

சோர்வு இல்லை என்று சொல்ல வரவில்லை, இருந்தது. தலைமை விமானி கண்விழித்து 19 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது, துணை விமானிக்கு 12 மணி நேரத்துக்கு மேல். சான் பிரான்சிஸ்கோவில் நள்ளிரவு என்றால் அவர்கள் புறப்பட்ட டொராண்டோ நேரப்படி அதிகாலை மூன்று மணி, உடம்பு முழுவதும் தூக்கத்துக்கு ஏங்கும் நேரம். தலைமை விமானி தேவைப்பட்டால் அழைக்கப்படும் காத்திருப்புப் பணியில் இருந்தவர், அமெரிக்க விதிப்படி அந்த நேரத்தில் அவர் பறந்திருக்கவே முடியாது, அன்றைய கனடா விதிப்படி முடிந்தது.

கடைசி அரை நிமிடம்

தானியங்கியைத் துண்டித்த பிறகு, திசைக் குறியை மாற்றி வைக்கும்படி தலைமை விமானி துணை விமானியைக் கேட்டார். அவர் தலையைக் குனிந்து அதைச் செய்துகொண்டிருந்தார். அதாவது வெளியே பார்த்துச் சரிபார்க்கவேண்டிய இரண்டாவது ஜோடிக் கண்கள், மிக முக்கியமான சில விநாடிகள் உள்ளே இருந்தன.

தலைமை விமானிக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ரன்வேயில் விளக்குகள் தெரிகின்றன, இறங்க அனுமதி இருக்கிறதா என்று உறுதிசெய்யச் சொன்னார். துணை விமானி விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் கேட்டார். கோபுரத்தில் இருந்தவர் திரையைப் பார்த்தார், ரன்வேயைப் பார்த்தார். 28 வலது காலியாகத்தான் இருந்தது. உங்களைத் தவிர அங்கே யாரும் இல்லை, இறங்கலாம் என்றார். கேள்வியும் உண்மை, பதிலும் உண்மை, இரண்டும் வேறு வேறு இடத்தைப் பற்றியவை. ஒருவர் 'ரன்வே' என்று சொன்னது டாக்ஸிவேயை, மற்றவர் 'ரன்வே' என்று சொன்னது ரன்வேயை. விளக்குகள் எங்கே தெரிகின்றன என்று திருப்பிக் கேட்டிருக்கலாமே என்று இன்று சொல்வது சுலபம். அவர் அப்போது வானத்து விமானங்களையும் தரை விமானங்களையும் சேர்த்துத் தனியாளாகக் கவனித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு உதவவேண்டிய தரைக் கண்காணிப்புத் திரையும் உதவவில்லை. விமானம் ரன்வே கோட்டிலிருந்து வலப்பக்கம் அதிகம் விலகிவிட்டதால் சுமார் 12 விநாடி அது திரையிலிருந்தே மறைந்துபோனது. ரன்வேயை நோக்கி வருகிற விமானங்களைக் கவனிக்கத்தான் அந்தக் கருவி செய்யப்பட்டது, டாக்ஸிவேயை நோக்கி ஒன்று வரும் என்று யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. விமானத்துக்குள் இருக்கும் மோதல் எச்சரிக்கைக் கருவியோ, தரைக்கு அருகில் வந்தபிறகு விலகச் சொல்லும் கட்டளைகளைத் தராது, அப்படித்தான் அது அமைக்கப்பட்டிருக்கிறது, இல்லாவிட்டால் ஒவ்வொரு இறக்கத்திலும் தரையில் நிற்கிறவற்றைப் பார்த்து அலறும். தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவிக்கும் வேலை இல்லை: சக்கரம் இறக்கி, விமான நிலையத்தில், சரியான வேகத்தில் வருகிற விமானம் அதன் கணக்கில் ஒழுங்காக இறங்கும் விமானம். பறக்கும்போது நம்மைச் சுற்றி இருக்கும் இயந்திரக் காவல் எல்லாம் தரையை நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக விலகிக்கொள்கிறது என்பதை இதைப் படிக்கும்வரை நான் இந்த அளவுக்கு உணர்ந்ததில்லை.

மிச்சம் இருந்தது மனிதர்கள்தான். டாக்ஸிவேயில் முதலில் நின்ற யுனைடெட் விமானத்தின் தலைமை விமானி, தன்னை நோக்கி வரும் விளக்குகளைப் பார்த்து, இவர் எங்கே போகிறார், டாக்ஸிவேயில் வருகிறாரே என்று வானொலியில் சத்தமாகச் சொன்னார். பின்னால் நின்ற பிலிப்பைன் விமானத்தின் குழு தங்கள் லேண்டிங் விளக்குகளைச் சட்டென்று எரியவிட்டது, இங்கே நாங்கள் இருக்கிறோம் என்று காட்ட. ஏறக்குறைய அதே நேரம் ஏர் கனடாவின் இரண்டு விமானிகளுக்கும், எதைப் பார்க்கிறோம் என்று முழுதாகப் புரியாமலே, இது சரியில்லை என்று தோன்றியிருக்கிறது. ஒருவர் கோ-அரவுண்ட் (இறங்காமல் மேலே ஏறு) என்றார், மற்றவர் அதற்குள் விசையைத் தள்ளிவிட்டார். கோபுரத்திலிருந்து 'மேலே போங்கள்' என்ற கட்டளை வந்தபோது விமானம் ஏறத் தொடங்கியிருந்தது.

அந்தத் துணை விமானி பற்றியும் தலைமை விமானி பற்றியும் எவ்வளவோ கடுமையாக எழுதிவிட்டார்கள். தவறு அவர்களுடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் தன் கண் சொல்வதை நம்பாமல் வாய்திறந்து கேட்டதும், காரணம் புரியாதபோதும் இறக்கத்தைக் கைவிட்டதும் அவர்கள்தான். இன்னும் ஒரு சில விநாடி "சரியாகத்தான் இருக்கும்" என்று போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேறு தலைப்பு இருந்திருக்கும்.

அழிந்துபோன ஒலிப்பதிவு

சுற்றி வந்து பத்திரமாக இறங்கினார்கள். பிறகு என்ன ஆனது என்பதும் இந்த நிகழ்வின் ஒரு பகுதிதான். தலைமை விமானி நிறுவனத்துக்குத் தகவல் சொன்னது மறுநாள். அப்போது இரவு வெகுநேரமாகிவிட்டது, களைத்திருந்தேன், அவ்வளவு தீவிரமாகத் தெரியவில்லை என்பது அவர் தரப்பு. இதற்குள் அந்த விமானம் வழக்கம்போல அடுத்த பயணத்துக்குக் கிளம்பிவிட்டது. விமானி அறை ஒலிப்பதிவுக் கருவி கடைசி இரண்டு மணி நேரத்தைத்தான் வைத்திருக்கும், பழையதன் மேலேயே புதியது பதியும். விஷயத்தின் தீவிரம் நிறுவனத்தின் மேலிடத்துக்குப் புரிந்தபோது அந்த இரவின் உரையாடல் அழிந்துபோயிருந்தது. 28 இடது பற்றி இருவரும் பேசிக்கொண்டார்களா, அலைவரிசை எந்த இடத்தில் விட்டுப்போனது, கடைசி விநாடிகளில் யார் முதலில் என்ன சொன்னார், எல்லாவற்றுக்கும் அவர்களுடைய நினைவு மட்டும்தான் ஆதாரம்.

ஒன்றும் உடையாத நிகழ்வுகளில் இதுதான் பெரிய இழப்பு. விபத்து நடந்தால் விமானம் நின்றுவிடும், பெட்டியை எடுத்துக் கேட்கலாம். தப்பித்துக்கொண்ட விமானம் காலையில் மறுபடி பறந்துவிடும், நாம் கற்றுக்கொள்ள வேண்டியதையும் அழித்துக்கொண்டே.

பிறகு மாறியவை

சில மாற்றங்கள் வேகமாக வந்தன. இரவில் பக்கத்து ரன்வே மூடியிருந்தால் சான் பிரான்சிஸ்கோவில் கண்ணால் பார்த்து இறங்கும் முறைக்கு அனுமதி இல்லை, கருவி வழிகாட்டலோடுதான் இறங்கவேண்டும் என்று அடுத்த மாதமே அமெரிக்க விமானத்துறை நிர்வாகம் மாற்றியது. இரவு நெரிசல் முடியும்வரை கோபுரத்தில் இரண்டு பேர் பணியில் இருக்கவேண்டும் என்றும் ஆனது. தரைக் கண்காணிப்புக் கருவிக்கு டாக்ஸிவேயை நோக்கி வருகிற விமானத்தையும் கண்டுபிடித்து எச்சரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், 2018-ல் முதலில் சியாட்டிலில். அங்கே 2015 டிசம்பரில் ஓர் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் டாக்ஸிவேயில் இறங்கியேவிட்டது, பட்டப்பகலில், நல்லவேளை அதில் எதுவும் நிற்கவில்லை. கனடா 2018 டிசம்பரில் விமானிகளின் பணி நேர விதிகளை மாற்றி எழுதியது, பெரிய நிறுவனங்களுக்கு அது நடைமுறைக்கு வந்தது 2020 டிசம்பரில்.

ஒலிப்பதிவு விஷயம்தான் இழுத்துக்கொண்டே போனது. 25 மணி நேரம் பதியும் கருவி வேண்டும் என்று வாரியம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஐரோப்பாவில் 2021 முதல் தயாராகும் பெரிய விமானங்களுக்கு அது கட்டாயம் ஆகிவிட்டது. அமெரிக்காவில் ஆகவில்லை. 2023 பிப்ரவரி 4 காலை, ஆஸ்டின் விமான நிலையத்தில் அடர்ந்த மூடுபனியில் ஒரு ஃபெட்எக்ஸ் சரக்கு விமானம் இறங்கிக்கொண்டிருந்தபோது அதே ரன்வேயிலிருந்து ஒரு சவுத்வெஸ்ட் விமானத்துக்குப் புறப்பட அனுமதி கொடுக்கப்பட்டது. அங்கே தரைக் கண்காணிப்புக் கருவியே இல்லை. பனிக்குள் கீழே ஒரு விமானத்தின் உருவம் தெரிந்து ஃபெட்எக்ஸ் விமானிகள் இறக்கத்தைக் கைவிட்டதால் இருநூறு அடிக்கும் குறைவான இடைவெளியில் தப்பினார்கள். விசாரணைக்குப் போய்க் கேட்டால், இரண்டு விமானங்களின் ஒலிப்பதிவும் அழிந்திருந்தது.

25 மணி நேரப் பதிவு அமெரிக்கச் சட்டத்தில் ஏறியது 2024 மே மாதம்.